மாமன் சீரில் காங்கோ பாட்டு

அம்மாவுக்கும் மாமாவுக்கும் சண்டை வந்தால் எனக்குத்தான் வேலை. ஒரே கூடத்தில் உட்கார்ந்துகொண்டு என் மூலமாகப் பேசுவார்கள். "இந்தத் தடவையும் பொண்ணு பாக்க வேணாம்னா எதுக்கு வந்தானாம், ஒம் மாமனக் கேளு." "மருமவனுக்குக் காது குத்த வந்தேன்னு சொல்லுத்தா." மருமகன் என்பது என் தம்பி.

மாமா காங்கோவில் ஒரு பலசரக்குக் கடையில் வேலை பார்த்தார். சாக்லேட் வரும் என்று பார்த்தால் பென்டிரைவ் நிறையப் பாட்டு கொண்டுவந்திருந்தார். ஒரு சொல்லும் புரியாது. ஆனால் கேட்டால் கால் சும்மா இருக்காது. "அடிமையாப் புடிச்சுட்டுப் போன சனங்களோட கப்பலேறிக் கியூபா போன தாளமாக்கும் இது. அப்பறம் ரெக்கார்டுல ஏறி ஊருக்குத் திரும்பிருச்சு. நம்மாளுக கிட்டாரை எடுத்து இப்புடி ஆக்கிட்டாங்க" என்பார். காங்கோக்காரர்கள் எப்போது நம்மாட்கள் ஆனார்கள் என்று நான் கேட்கவில்லை.

காதுகுத்து அன்று கந்தர்வக்கோட்டையில் மாமன் சீர் கிளம்பியது. முன்னால் குட்டியானை வண்டியில் மைக்செட். அதில் மாமாவின் பென்டிரைவ். பாட்டு தாலாட்டு மாதிரி மெதுவாகப் போனது. தாம்பாளம் ஏந்திய பெண்கள் முகத்தைச் சுளித்தார்கள். மண்டப வாசலில் ஆரத்தித் தட்டோடு நின்ற அம்மா பல்லைக் கடித்தாள். "மானத்த வாங்குறான். நிறுத்தச் சொல்லு."

ஓடினேன். "பொறு ஆத்தா, இனிமேதான் இருக்கு. அக்கா ஒரு ஆட்டம் ஆடிட்டா எனக்கு அது போதும்" என்றார் மாமா. போனை வாசல் பக்கமே திருப்பிப் பிடித்திருந்தார். வாசலையும் திரையையும் மாறி மாறிப் பார்த்தார். வீடியோ எடுக்கவா இவ்வளவு பயம்?

சட்டென்று பாட்டு வேகமெடுத்தது. கிட்டார்கள் ஒன்றையொன்று துரத்தின. அடடா! தாம்பாளத்து ஆப்பிள்கள் உருண்டன. பெரியம்மாவின் இடுப்பு அசைந்தது. அம்மாவின் வலது கால்தான் முதலில் கட்சி மாறியது. அப்புறம் ஆரத்தித் தட்டை, திரும்பி ஓடிவந்த என் கையில் திணித்துவிட்டு இறங்கினாளே, பார்க்கணும்!

பாட்டு முடிந்ததும் மாமா போனை நீட்டினார். அதில், வீடியோ காலில், தலையில் பூப்போட்ட துணி கட்டிய ஒரு பெண், எங்களோடு சேர்ந்து ஆடிக் களைத்து, மூச்சிரைக்கச் சிரித்தாள். அந்தப் பாட்டைப் பாடியவள் என்றே நான் நினைத்தேன். அம்மா போனைப் பார்த்தாள், மாமாவைப் பார்த்தாள், மறுபடி போனைப் பார்த்தாள்.

"சாப்பிட்டியாம்மா?" என்றாள், பச்சைத் தமிழில்.

மாமா சிரித்துக்கொண்டே அழுதார். என் அத்தையை நான் முதலில் பார்த்தது அப்படித்தான். அன்று அது தெரியாது. தட்டோடு நின்ற எனக்கு வேறொரு குறை: எதற்கெடுத்தாலும் என்னைக் கேட்கச் சொல்லும் அம்மா, இதை மட்டும் ஏன் தானே கேட்டாள்?