நல்ல சேதி வேண்டாம் என்று வேண்டிய நாள்

காவடிக் குழு அன்பர்களே, முதலில் என் குற்றத்தைச் சொல்லிவிடுகிறேன். ஒரு மனிதர் இறந்ததற்கு நான் காரணம். அவர் பெயர் சின்னுசாமி. பரமத்தி வேலூரில் வெற்றிலைக் கொடிக்கால் வைத்திருந்தவர். உங்களில் பலர் என்னைப் பக்திமான் என்று நினைத்திருக்கிறீர்கள். அந்தப் பக்தியைச் சாக்காக வைத்துத்தான் அதைச் செய்தேன்.

நான் உயிர்வேதியியல் படித்தவன். நாமக்கல்லில் ஒரு தனியார் மருத்துவமனையில் ரத்தப் பரிசோதனைக் கூடத்தின் பொறுப்பாளராக இருந்தேன். மாரடைப்பு வந்தால் இதயத் தசையிலிருந்து ட்ரோபோனின் என்ற புரதம் ரத்தத்தில் கசியும். அந்நாளில் அதை ஒரு சிறிய அட்டையில் பார்ப்போம். அட்டையில் ரத்தத்தைச் சொட்டிவிட்டுக் கால் மணி நேரம் காத்திருக்க வேண்டும். ஒரே கோடு தெரிந்தால் மாரடைப்பு இல்லை. இரண்டாவது கோடு எழுந்தால், அது எவ்வளவு மங்கலாக இருந்தாலும், உண்டு என்றுதான் சொல்ல வேண்டும்.

பங்குனி உத்திரம் நெருங்கிக்கொண்டிருந்தது. காவிரித் தீர்த்தம் எடுத்துப் பழனிக்கு நடக்க நம் குழு கிளம்பும் நாள் வந்தது. என்னை ஏற்றிப்போக வேன் வந்து மருத்துவமனை வாசலில் நின்றது. நெஞ்சு வலி என்று வந்த சின்னுசாமியின் ரத்தம் என் முன்னால் அட்டையில் ஊறிக்கொண்டிருந்தது. நம் அப்போதைய குருசாமி ஜன்னல் வழியாக எட்டிப் பார்த்தார்.

"ஏனுங்க சாமி, நீங்க ரத்தத்தப் பாத்துட்டே நின்னீங்கன்னா காவடி தானா பழனிக்கு நடந்து போயிருமுங்களா?"

வேனில் எல்லோரும் சிரித்தார்கள். அந்நேரம் மேல்மாடியிலிருந்து டாக்டர் போன் செய்தார். "இருக்கா, இல்லையா? ஒரே வார்த்தையில சொல்லுங்க."

பாதி நேரம்கூட ஆகவில்லை. ஒரு கோடுதான் தெரிந்தது. "இல்லைங்க" என்றேன். அறிக்கையிலும் அப்படியே எழுதிக் கையெழுத்துப் போட்டேன்.

பச்சை வேட்டிக்கு மாறிவிட்டுப் பையை எடுக்கத் திரும்பி வந்தபோது அட்டையில் இரண்டாவது கோடு இருந்தது. பென்சிலால் இழுத்து அழித்தாற்போல மங்கலாக இருந்தது. ஆனால் இருந்தது.

போனை எடுத்திருந்தால் போதும். டாக்டர் திட்டியிருப்பார். வேன் என்னை விட்டுவிட்டுப் போயிருக்கும். அவ்வளவுதான். நேரம் கடந்து காய்ந்துபோன அட்டையில் பொய்க்கோடு விழுவதுண்டு, அதைக் கணக்கில் எடுக்கக் கூடாது என்று ஒரு விதி இருக்கிறது. என் அட்டை காயவில்லை என்பது எனக்குத் தெரியும். தெரிந்தே அந்த விதிக்குள் போய் ஒளிந்துகொண்டேன். அட்டையைக் குப்பைத் தொட்டியில் போட்டுவிட்டு, அரோகரா சொல்லிக்கொண்டு வேனில் ஏறினேன்.

பழனியிலிருந்து திரும்பிய பிறகுதான் கேள்விப்பட்டேன். சின்னுசாமியை அன்றே வீட்டுக்கு அனுப்பிவிட்டார்கள். மறுநாள் விடியும் முன் போய்விட்டார். யாரும் என்னிடம் எதுவும் கேட்கவில்லை. நானும் சொல்லவில்லை. அதற்குப் பிறகு நான் காவடி தூக்கவில்லை. தோள்பட்டை வலி என்று உங்களிடம் சொன்னேன். நீங்கள் நம்பினீர்கள். அந்த மருத்துவமனையை மூடிப் பல வருடங்கள் ஆகிவிட்டன.

இந்தத் தை மாதம் என் மைத்துனர் தங்கவேலின் மகனுக்குத் திருச்செங்கோட்டில் கல்யாணம். முகூர்த்தத்தன்று காலையில் பட்டுச் சேலை கட்டிக்கொண்டு நின்ற என் மனைவி சரோஜா தாடையைப் பிடித்துக்கொண்டாள். பல் வலி என்றாள். நெற்றி முழுக்க வியர்வை. மாரடைப்பு வலி சில சமயம் தாடையில்தான் தெரியும். காரை நாமக்கல்லில் ஒரு மருத்துவமனைக்கு விடச் சொன்னேன்.

ஈ.சி.ஜி.யில் ஒன்றும் தெரியவில்லை. இப்போது அட்டை இல்லை, ட்ரோபோனினை எந்திரம் எண்ணாகவே தந்துவிடுகிறது. எண் அளவுக்குள்தான் இருந்தது. சரோஜாவுக்கு வலியும் குறைந்திருந்தது. இளம் டாக்டர் பெண் மரியாதையாகவே சொன்னார். "நார்மல்தாங்க ஐயா. மூணு மணி நேரம் கழிச்சு இன்னொரு தடவை பாத்துட்டா நல்லது. கல்யாணம்ங்கறீங்க. போறதுன்னா போயிட்டு வந்து ரத்தம் குடுங்க."

சரோஜா உடனே எழுந்து உட்கார்ந்தாள். "அதான் ஒண்ணுமில்லீன்னுட்டாங்கல்லங்க. கெளம்புங்க. அத்தை இல்லாம பையன் மணவறையில உக்காருவானா?"

தங்கவேல் போனில் கத்தினார். "மச்சான், நீங்க படிச்ச படிப்புதான் உங்களப் பேயா புடிச்சு ஆட்டுது. அக்காவக் கூட்டியாங்க. மூர்த்தம் உங்களுக்காக நிக்காதுங்க."

வாசலில் வண்டி. கையில் நல்ல அறிக்கை. எல்லோரும் அவசரப்படுத்துகிறார்கள். எனக்கு அந்தப் பழைய ஜன்னலும் குருசாமியின் சிரிப்பும் கண்முன் வந்தன. வலி தொடங்கி ஒரு மணி நேரத்துக்குள் எடுத்த ரத்தம் இது. புரதம் கசியவே நேரம் ஆகும். இந்த எண் பொய் சொல்லவில்லை, இன்னும் பேச ஆரம்பிக்கவில்லை.

"போகலை" என்றேன். சரோஜா சுவர்ப் பக்கம் திரும்பிப் படுத்தாள்.

பரிசோதனைக் கூடத்துக்கு வெளியே பெஞ்சில் உட்கார்ந்தேன். கோயிலுக்குள் போகவே கூசியவன் அன்று கண்ணை மூடினேன். எண் ஏறக் கூடாது என்று கேட்க வாய் வரைக்கும் வந்தது. கேட்கவில்லை. "முருகா, எனக்கு நல்ல சேதி வேண்டாம். நிஜத்தைக் காட்டு. அவளுக்கு இருந்தால் இருக்கிறது என்று இப்போதே காட்டு. சின்னுசாமி வீட்டுக்கு நிஜத்தோடு நான் போகிறேன்." இதையே திரும்பத் திரும்பச் சொன்னேன். பொழுது நகரவே இல்லை. இந்த முறை முழு நேரமும் காத்திருந்தேன்.

இரண்டாவது ரத்தத்தில் எண் பல மடங்கு ஏறியிருந்தது. டாக்டர் பெண் ஓடி வந்தார். ஸ்ட்ரெச்சர், ஆம்புலன்ஸ், சேலம். அந்த அறிக்கைக் காகிதத்தை நான் விபூதிப் பொட்டலத்தைப் போலக் கண்களில் ஒற்றிக்கொண்டேன். பக்கத்தில் நின்ற நர்ஸ் எனக்குப் புத்தி பிசகிவிட்டது என்று நினைத்திருப்பார். என் முருகன் எனக்குக் கெட்ட சேதி கொடுத்தான். நேரத்தோடு கொடுத்தான்.

சேலத்தில் அடைப்பை நீக்கி ஸ்டென்ட் வைத்தார்கள். கல்யாணத்துக்குக் காரில் கிளம்பிப்போய் அது முற்றியிருந்தால் வழியிலேயே முடிந்திருக்கும் என்று அங்குள்ள டாக்டர் சொன்னார். சரோஜா கண் விழித்துக் கேட்ட முதல் கேள்வி: "பட்டுச் சேலைய ஒழுங்கா மடிச்சு வெச்சீங்களா?" நான் அழுதேன். தங்கவேல் கல்யாண மாலையோடு பையனையும் பெண்ணையும் ஆஸ்பத்திரிக்கே கூட்டி வந்து அவள் காலில் விழ வைத்தார். என்னைப் பார்த்து, "பேய் நல்ல பேய்தானுங்க மச்சான்" என்றார்.

சரோஜா நடமாட ஆரம்பித்ததும் பரமத்தி வேலூருக்கு பஸ் ஏறினேன். சின்னுசாமியின் மனைவி பாவாயி அம்மாள் வெற்றிலையை அடுக்கிக் கட்டிக்கொண்டிருந்தார். நான் நின்றபடியே எல்லாவற்றையும் சொன்னேன். வேன், ஜன்னல், கோடு, குப்பைத் தொட்டி. எதையும் விடவில்லை. அவர் கை நின்றுபோனது.

பிறகு சொன்னார். "ராத்திரி இருந்துட்டுப் போங்கன்னுதானுங்க அன்னிக்கு டாக்டரு சொன்னாரு. நாந்தான், ஒண்ணுமில்லீன்னு வந்துருச்சே, காலையில வெத்தல கிள்ளோணும், ஊட்டுக்குப் போலாம்னு இழுத்துட்டு வந்தேன். என்ற புருசன நானே கொன்னுபோட்டேன்னு இத்தன வருசமா நெனச்சிட்டிருக்கேனுங்க."

என் பாவத்தை இந்த அம்மாள் சுமந்துகொண்டிருந்தார் என்பது எனக்குத் தெரியவே தெரியாது.

"உங்கள மன்னிக்க மனசு வரலீங்க" என்றார். "ஆனா இன்னிக்குத் தூங்குவேன். தண்ணி குடிச்சிட்டுப் போங்க."

குடித்துவிட்டு வந்தேன். இப்போது பரிசோதனைக் கூடங்களில் வேலை கற்கும் பிள்ளைகளிடம் என்னை அழைக்கும் இடத்துக்கெல்லாம் போய் இந்தக் கதையைச் சொல்கிறேன். வலி எப்போது தொடங்கியது என்று கேளுங்கள், முதல் ரத்தம் முடிவல்ல என்று அறிக்கையிலேயே எழுதுங்கள், ஒரே வார்த்தையில் சொல்லச் சொன்னால் மறுத்துவிடுங்கள் என்கிறேன்.

இந்தப் பங்குனியில் காவிரிக் கரையில் நீங்கள் எல்லோரும் பார்த்தீர்கள். பாவாயி அம்மாள் ஒரு கட்டு வெற்றிலையோடு வந்து பூஜையில் வைத்தார். ஒதுங்கி நின்ற என்னிடம் வந்து, "அவரு பேரச் சொல்லித் தூக்குங்க சாமி" என்றார். இத்தனை வருடம் கழித்து நான் ஏன் காவடி தூக்கினேன், ஏன் சின்னுசாமி பெயரைச் சொன்னேன் என்று கேட்டீர்கள். இதுதான் காரணம். தோளில் வலியே இல்லை.

அன்பர்களே, முருகனிடம் நிஜத்தைக் கேளுங்கள். கேட்டுவிட்டு, அவன் சொல்லி முடிக்கும்வரை எழுந்து போகாமல் உட்கார்ந்திருங்கள். கட்டாயம் சொல்வான்.