போஸ்டரில் இல்லாத வரி

அப்போது நான் மைசூர் கோர்ட்டுக்கு எதிரே ஒரு ஜாப் டைப்பிங் கடையில் வேலை பார்த்தேன். சாயங்காலம் கடை மூடியதும் நேராகப் பார்க்குக்குப் போய்விடுவேன். ஆண்களை விரும்பும் ஆண்கள் நாங்கள் ஏழெட்டுப் பேர் அங்கே கூடுவோம். பாதிப் பேருக்குக் கல்யாணமாகியிருந்தது.

எய்ட்ஸ் என்ற சொல் ஊருக்குப் புதிது. பஸ் ஸ்டாண்டு சுவரில் ஒரு போஸ்டர் ஒட்டினார்கள். கதவோரம் ஒரு பெண், அவளுக்குப் பின்னால் மண்டையோடு. தெரியாத பெண்களிடம் போகாதீர்கள் என்று கன்னடத்தில் எழுதியிருந்தது. கொள்ளேகாலிலிருந்து வந்து பட்டுக்கடையில் சேல்ஸ்மேனாக இருந்த என் நண்பன் அதைப் படித்துவிட்டுச் சிரித்தான்.

"பொம்பளைங்ககிட்டப் போனாத்தான் வருமாம். நமக்கு ஒண்ணுமில்லப்பா."

நாங்களும் அப்படித்தான் நம்பினோம். பார்க்கில் ஒருவன் சட்டைப்பையில் நிரோத் ஆணுறை வைத்திருந்தபோது, "எந்தப் பொம்பளையைப் பார்க்கப் போறே?" என்று கேலி செய்தோம். அதற்குப் பிறகு யாரும் கொண்டுவரவில்லை.

இரண்டு வருஷத்தில் நண்பன் பாதியாக இளைத்துவிட்டான். ஆஸ்பத்திரியில் ரத்தம் பார்த்துச் சொல்லிவிட்டார்கள். அவன் அழவில்லை. "நான் எந்தப் பொம்பளைகிட்டயும் போகலியேப்பா" என்று மட்டும் திரும்பத் திரும்பச் சொன்னான். என்னால் அவன் முகத்தைப் பார்க்க முடியவில்லை.

மறுநாளே அந்தப் போஸ்டரைப் போட்ட சுகாதார அலுவலகத்துக்குப் போனேன். ஆண்களுக்குள்ளும் பரவும் என்று ஒரு வரி சேர்க்கச் சொன்னேன். அங்கிருந்த அதிகாரி நெளிந்தார்.

"அப்படிப்பட்டவங்க நம்ம ஊர்ல ஏது?"

"இருக்கோம் சார். உங்க முன்னாடியே ஒருத்தன் நிக்கறேன்."

போஸ்டரை மாற்றத் தனக்கு அதிகாரமில்லை என்றார். ஆனால் நான் கிளம்பும்போது அலமாரியைத் திறந்து ஒரு பெட்டி நிரோத்தை எடுத்து என்னிடம் நீட்டினார்.

கடை முதலாளியிடம் கேட்டு, கடையிலிருந்த சைக்ளோஸ்டைல் நகல் மெஷினில் நானே நோட்டீஸ் போடுவதென்று முடிவு செய்தேன். எழுதியதை நண்பனிடம் வாசித்துக் காட்டினேன்.

"'பாலுறவு'ன்னா எவனுக்கப்பா புரியும்? நாம பேசற மாதிரி எழுது. ஊட்டுல பொண்டாட்டி இருக்கறவன் அவளையும் நெனச்சுக்கணும்னு போடு. கூட உக்காந்து டீ குடிச்சா வராதுன்னும் போடு."

கடைசி வரியை அவன் எதற்குச் சொன்னான் என்று எனக்குத் தெரியும். சிலர் அவன் உட்கார்ந்த பெஞ்சில் உட்காருவதை நிறுத்தியிருந்தார்கள்.

பார்க்கில் கொடுத்த முதல் நாளே ஒருவன் நோட்டீஸைக் கிழித்து என் மேலேயே போட்டான். "நம்மளை நோயாளிங்கன்னு ஊருக்கே காட்டிக்கொடுக்கறியா?" அவன் பயம் எனக்குப் புரிந்தது. ஆனாலும் மறுநாளும் போனேன், அதற்கடுத்த நாளும். நண்பனும் நடக்க முடிந்தவரை வந்து, தனக்கு வந்ததைத் தன் வாயாலேயே சொன்னான். பத்து மாதத்தில் இறந்துவிட்டான்.

அந்தப் பத்து மாதத்தில் பார்க்கின் பேச்சு மாறியிருந்தது. உறை இல்லாமல் வருகிறவனை மருந்துக் கடைக்குத் திருப்பி அனுப்பினார்கள். உறை இருக்கிறதா என்று கேட்பது அவமானமாக இல்லை, அக்கறையாக இருந்தது. புதிதாக வருகிறவர்களிடம் நானே போய்ப் பேசுவேன். வெட்கப்பட்டுச் சிலர் எழுந்து போவார்கள். போகட்டும், நாளைக்கு வருவார்கள் என்று நினைத்துக்கொண்டு அடுத்தவனிடம் பேசத் தொடங்குவேன்.