கதவுக்குள் தேங்கிய மழை

துலுக்காணம் ஓரிடத்தில் நின்று நான் பார்த்ததில்லை. டீக் கிளாஸைக் கையில் பிடித்தபடியே லாரியைச் சுற்றி வருவார். சாப்பிட உட்கார்ந்தால் பாதியில் எழுந்துபோய் எதையாவது தட்டிப் பார்த்துவிட்டு வருவார். கும்மிடிப்பூண்டியில் கல்கத்தா நெடுஞ்சாலை ஓரம், ராஜமாணிக்கம் என்பவருடைய லாரி பாடி கட்டும் கொட்டகையில் அப்போது அவருக்கு வேலை. அது அவருக்கு எத்தனையாவது கொட்டகை என்று கேட்டால் அவர் மனைவி கோவிந்தம்மா விரல்களை மடக்கத் தொடங்கி, "கை பத்தாது போம்மா" என்று நிறுத்திவிடுவார். கொட்டகைக்குப் பக்கத்திலேயே கோவிந்தம்மாவின் நாஷ்டாக் கடை. பஸ்கள் நிற்கும் இடமும் அதுதான்.

துலுக்காணம் பழவேற்காட்டு ஏரிக்கரைக் குப்பம் ஒன்றில் பிறந்தவர். அவருடைய அப்பாவுக்குப் படகுகளில் கலப்பத்து வைக்கும் தொழில். பலகைகளின் இடுக்கில் பஞ்சுத் திரியைத் திணித்து, குங்கிலியத்தை எண்ணெயில் காய்ச்சிப் பூசி, நீர் புகாமல் அடைப்பது. மகனும் சின்ன வயதில் அதையே செய்தார். பிறகு பொன்னேரியில் சைக்கிள் கடை, சோழவரத்துப் பந்தயத் திடலில் கார்களுக்கு எடுபிடி, மீஞ்சூரில் அரிசி மில், மறுபடியும் சோழவரம், அப்புறம் இங்கே. இத்தனை அலைந்தும் வடக்கே சூளூர்ப்பேட்டையை அவர் தாண்டியதில்லை. கொட்டகைக்கு வரும் லாரி டிரைவர்கள் எல்லாரும் கோதாவரியைக் கடந்தவர்கள். அது அவருக்குப் பொறுக்கவில்லை.

"இன்னாடா துலுக்காணம், ஊர்ல கீற லாரியெல்லாம் வடக்க அனுப்பறே, நீ மட்டும் இங்கியே கீறே. ஏறு, மூட்ட மேல படுத்துகினு வா" என்று அவர்கள் சீண்டுவார்கள்.

"போனா சீட்ல குந்திகினு போவேன். மூட்ட மேல படுத்துகினு போறதுக்கு நான் இன்னா வெங்காயமா?"

அந்த சீட் அவருக்குக் கிடைப்பதுபோல் இருந்தது, எழுபத்து நாலாம் வருடத்து ஐப்பசியில். என் அண்ணன் ஸம்பத்குமாருக்கு அம்பத்தூர் வேலையிலிருந்து கல்கத்தாவுக்கு மாற்றல் வந்தது. அவனிடம் ஒரு பழைய சன்பீம் கார் இருந்தது. வெள்ளை நிறம், இரண்டே இருக்கை. ஊருக்குத் திரும்பிய தேயிலைத் தோட்டத்து வெள்ளைக்காரர் ஒருவர் விற்றுவிட்டுப் போனது. அதை ரயிலில் ஏற்ற அவனுக்கு மனமில்லை, ஓட்டியே கொண்டுபோகப் போகிறேன் என்றான். வழித்துணைக்கு ஒரு மெக்கானிக் வேண்டும் என்று, சோழவரப் பந்தயத்தில் பழகிய துலுக்காணத்தைத் தேடிப் போனான். எஞ்சின் சரியாகத்தான் இருந்தது. கதவுகள்தான் தொல்லை. அந்தக் காரில் கதவுக் கண்ணாடியைச் சுற்றி இரும்புச் சட்டம் கிடையாது. கண்ணாடி வெறுமனே மேலே ஏறி, கூரையோரத்து ரப்பரில் முட்டி நிற்க வேண்டும். ரப்பர் கருவாடாக விறைத்துப் போயிருந்தது. கண்ணாடி ஒரு பக்கமாகச் சாய்ந்து, விரல் நுழையும் இடைவெளி விட்டு நின்றது.

"மடியில ஒரு சொட்டு விழப்படாது. சரி பண்ணிட்டேன்னா நீதான் என்கூட வரே. இல்லேன்னா பெரம்பூர் சாலமோனை அழைச்சுண்டு போயிடுவேன்" என்றான் அண்ணன்.

"ஒரு சொட்டு வந்தா என் பேர மாத்துங்க சாமி" என்றார் துலுக்காணம். அன்று மாலையே கோவிந்தம்மாவிடம் போய், கல்கத்தாவில் குளிருமா என்று கேட்டாராம்.

நான் மூன்று வருடம் வெளிதேசங்களில் சுற்றிவிட்டுத் திருவள்ளூர் வீட்டுக்குத் திரும்பியிருந்த நேரம். கோயில் மணிக்கு எழுந்து கோயில் மணிக்குத் தூங்கும் வீடு. காரைக் கொட்டகைக்குக் கொண்டுபோய் விடுகிறேன் என்று நானாகவே சாவியை வாங்கிக்கொண்டேன். அதற்குப் பிறகு தினமும் போனேன்.

கதவின் உள்பக்கத்து அட்டையைக் கழற்றி, சுவரில் சாய்த்து வைத்துவிட்டு, துலுக்காணம் கதவுக்குள் கையை விடுவார். கண்ணாடியைத் தாங்கும் பட்டையில் இரண்டு போல்ட்டுகள். அவற்றைத் தளர்த்தி, கண்ணாடியை உள்பக்கம் ஒரு நூல் அளவு சாய்ப்பார். இறுக்குவார். கதவைச் சாத்துவார். ரப்பருக்கும் கண்ணாடிக்கும் நடுவில் செய்தித்தாள் துண்டு ஒன்றைக் கொடுத்து இழுப்பார். சுலபமாக வந்துவிட்டால் அந்த இடத்தில் பிடிப்பில்லை. திட்டிக்கொண்டே மறுபடி கழற்றுவார். மூர் மார்க்கெட்டிலிருந்து வாங்கிவந்த பஸ் ஜன்னல் ரப்பர் தடிமனாக இருந்ததால் கதவே சாத்தவில்லை. அதைப் பிய்த்தெறிந்துவிட்டு, பழைய ஃபிரிட்ஜ் கதவு ஒன்றின் ரப்பரை எங்கிருந்தோ உரித்துக்கொண்டு வந்தார். அது மெத்தென்று பொருந்தியது. தாள் துண்டு எந்த இடத்தில் கொடுத்தாலும் கிழிந்ததே தவிர வரவில்லை.

வாளி வாளியாகத் தண்ணீர் ஊற்றிப் பார்த்தார். உள்ளே ஒரு சொட்டு இல்லை. ராஜமாணிக்கம்கூட வந்து பார்த்துத் தலையாட்டிவிட்டுப் போனார். ஆனால் துலுக்காணத்துக்கு ஆறவில்லை.

"வாளித் தண்ணி மேலேர்ந்து வுழும்மா. மழ அப்டியா? வண்டி ஓடச்சொல்ல சைடுல வந்து குத்தும். ஒரு மழ பாக்கணும்."

மழைதான் இல்லை. அந்த ஐப்பசி முழுவதும் மேகம் வருவதும் கலைவதுமாக இருந்தது. அண்ணன் திங்கட்கிழமை கிளம்ப வேண்டும். வெள்ளி வரை வானம் வெளுப்பாகவே கிடந்தது. துலுக்காணம் வேலையை விட்டுவிட்டு ரோட்டுக்கு வந்து வந்து அண்ணாந்து பார்த்தார். கோவிந்தம்மா கடையிலிருந்தே குரல் கொடுத்தார்: "யோவ், நீ மொறச்சி பாத்தா அது பயந்துகினு வந்துடுமா?"

சனிக்கிழமை மத்தியானம் தென்கிழக்கே கடல் பக்கம் கறுத்தது. எனக்கும் இருப்புக்கொள்ளவில்லை. "ஏறுங்க, நாமே போய்ப் பிடிப்போம்" என்றேன். கையைத் துடைத்துக்கொண்டே ஓடிவந்து ஏறினார்.

கவரைப்பேட்டை தாண்டி, பொன்னேரி தாண்டி விரட்டினேன். மேகம் எங்களுக்கு முன்னால் நழுவிக்கொண்டே போனது. துலுக்காணம் தன் பக்கத்துக் கண்ணாடியின் மேல் விளிம்பில் விரலை வைத்தபடி உட்கார்ந்திருந்தார். சீட்டில் பாதிதான் உட்கார்ந்திருந்தார். "மீஞ்சூர்ல பெய்யுதும்மா, அழுத்துங்க" என்பார். மீஞ்சூர் போனால் ரோடு காய்ந்து கிடந்தது. "அத்திப்பட்டு பக்கம் பாருங்க, தொங்குது." அங்கும் இல்லை. காட்டுப்பள்ளிப் பக்கம் திரும்பி, தார் முடிந்து மணல் தொடங்கும் இடத்துக்குச் சற்று முன்னால், எதிரிலிருந்து வெள்ளைத் திரைபோல வந்து அடித்தது மழை.

அங்கிருந்து திரும்பி மழைக்குள்ளேயே மீஞ்சூர் வரைக்கும், மறுபடி கடல் பக்கம், மறுபடி மீஞ்சூர் என்று ஓட்டினேன். கண்ணாடி முழுக்க நீர் வழிந்தது. துலுக்காணம் ரப்பரை ஓரம் முழுவதும் தடவித் தடவிப் பார்த்தார். விரல் காய்ந்தே இருந்தது. "பாருங்கம்மா! பாருங்க!" என்று விரலை என் முகத்துக்கு நேரே நீட்டினார். எனக்கு ரோடு தெரியவில்லை.

சற்று நேரத்தில் அவர் முகம் மாறியது. "வண்டில தண்ணிக் கொடம் எதுனா வெச்சிக்கினு கீறீங்களா?"

"இல்லையே."

"ஏதோ தளும்புது."

எனக்கும் கேட்டது. வளைவில் திரும்பும்போதெல்லாம் குடம் தளும்பும் சத்தம். எதிரே ஒரு மாடு குறுக்கே வர, நான் பிரேக்கை மிதித்தேன். துலுக்காணத்தின் பக்கத்துக் கதவு அட்டையின் மேல் விளிம்பைத் தாண்டிக் குபுக்கென்று நீர் அவர் மடியில் கொட்டியது. அடுத்த நிமிடம் என் மடியிலும். சொட்டு அல்ல, படிக்கணக்கில்.

வண்டியை ஓரம் கட்டினேன். அவர் மழையில் இறங்கிக் கதவைத் திறந்தார். கதவு கனத்துப் போய்க் கீல் முனகியது. காதை வைத்துக் கதவைத் தட்டினார். முட்டி போட்டு அடியைத் தடவியவர் அப்படியே இருந்தார். அன்றைக்குத்தான் அவர் அசையாமல் இருந்து பார்த்தேன், அதுவும் கொஞ்ச நேரம்.

"அட பாவி" என்றார், தன்னைத்தான். "கதவுக்கு அடில மூணு ஓட்ட இருந்திச்சிம்மா. இந்த வேலைல கைய வெச்ச மொத நாளே குங்கிலியம் காய்ச்சி அடச்சிட்டேன். படகுக்கு அடில ஓட்டயப் பாத்தா எவனாவது சும்மா உடுவானா?"

"அடைத்தால் நல்லதுதானே?"

"அதான் இல்ல. கண்ணாடி மேல வர்ற தண்ணி கதவுக்கு உள்ள எறங்கத்தான் செய்யும். எறங்கட்டும்னு உட்டு, அடில போறதுக்கு வழி வெச்சிக்கிறான். நான் வழிய அடச்சிக்கினு மேல ரப்பரப் போட்டு மாரடிச்சிக்கினு கீறேன். வாளித் தண்ணில தெரில. இவ்ளோ நேரம் பேஞ்சாத்தான் ரொம்பும்."

ஸ்க்ரூடிரைவரால் குத்தினார். முதல் அடைப்பு பெயர்ந்ததும் கதவின் அடியிலிருந்து கம்பிபோல நீர் பீச்சியடித்தது. உரச்சாக்கைத் தலையில் கவிழ்த்துக்கொண்டு ஆடு ஓட்டிப்போன ஒரு பெண் நின்று பார்த்தாள். "இன்னாய்யா, உன் காரு ஒண்ணுக்குப் போவுதா?"

"ஆமா, ரொம்ப நேரம் அடக்கிக்கினு இருந்திச்சி" என்றார் துலுக்காணம். அவர் சிரிக்கவில்லை.

எல்லா ஓட்டைகளும் திறந்து, நீர் வடிந்து முடிந்தபோது மழையும் நின்றுவிட்டது. கனத்தில் கதவுகள் தாழ்ந்து, கண்ணாடிகள் மறுபடி விலகியிருந்தன. திரும்பும் வழி முழுக்க வானம் பளிச்சென்று இருந்தது. அவர் கதவையே பார்த்துக்கொண்டு வந்தார்.

"அண்ணனிடம் நான் சொல்ல மாட்டேன்" என்றேன்.

"நீங்க சொல்லாட்டி இன்னா, மழ சொல்லிடும். நெல்லூர்ல வெச்சி சொல்லும். அப்போ நான் எங்கம்மா எறங்கறது?"

ஞாயிறு முழுவதும் கதவுகளோடு மல்லுக்கட்டினார். கீலை நிமிர்த்தி, கண்ணாடியைப் பழையபடி நூல் நூலாகச் சாய்த்து, தாள் கொடுத்து இழுத்து. தாள் கிழிந்தது. ஆனால் மழையில் பார்க்க முடியவில்லை. அன்றைக்கு வெயில் சுட்டெரித்தது.

திங்கட்கிழமை விடிந்ததும் தூறல். அண்ணன் பெட்டியோடு வந்து நின்றான். காரைச் சுற்றி வந்து, "என்னப்பா, மழையில பாத்துட்டியா? உள்ள வந்துதா?" என்று கேட்டான்.

"வந்திச்சி சாமி. என் தப்பு." ஓட்டையை அடைத்த கதையைத் துலுக்காணம் ஒன்று விடாமல் சொன்னார். சொல்லும்போது கால் மாற்றி மாற்றி நின்றார். "இப்போ சரி பண்ணிட்டேன். ஆனா மழைல பாக்கல. பாக்காம பாத்தேன்னு சொல்ல முடியாது."

கொட்டகையில் எல்லாரும் வேலையை நிறுத்திவிட்டுக் கேட்டார்கள். ராஜமாணிக்கம் தொண்டையைச் செருமினார். அண்ணன் கூரையோரத்து ரப்பரை ஒரு முறை தடவிப் பார்த்தான். பிறகு கார்க் கதவைத் திறந்தான்.

"ஏறு. பார்டர்ல தடா செக்போஸ்ட் வரைக்கும் பாப்பேன், வழியெல்லாம் மழைதான். ஒரு சொட்டு விழுந்தா அங்கயே இறக்கி விட்டுடுவேன். பஸ்ஸைப் பிடிச்சுத் திரும்பி வந்துடு. நான் மெட்ராஸுக்குச் சொல்லி சாலமோனை ரயில்ல நெல்லூருக்கு வரச்சொல்லிக்கறேன்."

"செரி சாமி."

கோவிந்தம்மா கடையிலிருந்து கரண்டியோடு வந்து எட்டிப் பார்த்தார். "யோவ், துணி மூட்டய எட்துகினியா?"

"தடா போயி பாத்துட்டு வந்து எட்துக்கறேன்."

"வந்து எட்துக்குவானாம். லூசு." உள்ளே போய் மூட்டையைக் கொண்டுவந்து அவர் மடியில் போட்டார். "சாமி, இவன் ராத்திரில கால ஆட்டிகினே தூங்குவான். பாத்துக்குங்க."

கார் கிளம்பியதும் தூறல் வலுத்தது. பிறகு கொட்டியது. முன்பு நாங்கள் ஏங்கிய மழை, இப்போது நிற்காமல் பெய்தது.

தடாவிலிருந்து வரும் பஸ்கள் கடைக்கு எதிரேதான் நிற்கும். முதல் பஸ் வந்தபோது கோவிந்தம்மா தோசைக் கல்லை விட்டுவிட்டு வாசலுக்கு வந்தார். பக்கத்து ஊர்க்காரர்கள் இரண்டு பேர் கோழிக்கூடையோடு இறங்கினார்கள். அவ்வளவுதான். நான் திருவள்ளூருக்குப் போகாமல் பெஞ்சில் உட்கார்ந்தேன். உட்காரவும் முடியவில்லை. எழுந்து ரோட்டுக்குப் போவேன், நனைந்து திரும்புவேன்.

"நீங்க இன்னாம்மா அவன மாரியே நடந்துகினு" என்றார் கோவிந்தம்மா.

"திரும்பி வந்துவிடுவாரா?"

"வருவான். ஒரு எடத்துல நெலச்சவனா அவன்? நான் அவனுக்கும் சேத்துத்தான் ஒல வெச்சிக்கிறேன்."

மத்தியானம் ஒரு பஸ். அதில் வந்த கண்டக்டர் வெள்ளைக் கார் ஒன்று செக்போஸ்ட்டில் நின்றதைப் பார்த்தேன் என்றார். இரண்டு பேர் உள்ளே இருந்தார்களா, ஒருவரா என்று அவருக்குத் தெரியவில்லை. "இந்த மழைல கண்ணாடிக்குள்ள எங்க தெரியுது?" என்றார். கோவிந்தம்மா அவருக்கு டீ கொடுக்காமலே திரும்பிவிட்டார்.

சோற்றுப் பானையின் மேல் தட்டைக் கவிழ்த்து மூடி வைத்திருந்தார். சங்கரா மீன் குழம்பு தனியாக இருந்தது. வந்தவர்கள் மீன் கேட்டார்கள், இல்லை என்றார். மூன்றாவது பஸ், நான்காவது பஸ். ஒவ்வொன்றிலிருந்தும் யார் யாரோ இறங்கினார்கள். ஒரு முறை மெலிந்த ஆள் ஒருவர் முதுகைக் காட்டி இறங்க, கோவிந்தம்மா "தோ!" என்று கத்தியேவிட்டார். அந்த ஆள் திரும்பிப் பார்த்துவிட்டு, பயந்துபோய், வேகமாக நடந்தார்.

விளக்கு வைக்கும் நேரத்தில் கடைசி பஸ் வந்தது. கடைக்கு எதிரே வேகம் குறைந்தது. இறங்க ஆளில்லை. கண்டக்டர் விசில் கொடுக்க, நிற்காமலே போய்விட்டது.

கோவிந்தம்மா அது போன திசையைப் பார்க்கவில்லை, வந்த திசையைப் பார்த்துக்கொண்டு நின்றார். வடக்கே ரோடு நீளத்துக்கும் மழை.

"போய்ட்டான்யா" என்றார். சந்தோஷமா கோபமா என்று எனக்குப் புரியவில்லை.

உள்ளே போய்ப் பானையைத் திறந்தார். இரண்டு தட்டுகளை எடுத்து வைத்து, மீனை இரண்டாகப் பங்கு போட்டார். பெரிய துண்டு எனக்கு வந்தது.

"துன்னும்மா" என்றார். "ஆறிப்போச்சி."