கூலி வாங்காத மொட்டை

அண்ணனையும் அண்ணியையும் கொன்றவனுக்கு நான்தான் தலையைச் சிரைத்து, காயத்துக்கு மருந்தும் போட்டு அனுப்பிவைத்தேன். ஊர் முழுக்கத் தெரிந்த விஷயம்தான். நானும் ஒருமுறை சொல்லிவிடுகிறேன்.

கூடப்பிறந்த அண்ணன் இல்லை. சிங்கப்பூரில் ஃபேரர் பார்க் பக்கம் இருபது வருடமாகச் சவரக்கடை வைத்திருக்கிறேன். அதில் பதினைந்து வருட வாடிக்கை அவர். கடையிலிருந்து இரண்டு தெரு தள்ளி, வீவக அடுக்குமாடி புளோக்கில் ஐந்தாவது மாடியில் அவரும் மனைவியும் இருந்தார்கள். ஒரே மகள் கல்யாணமாகிச் செங்காங் போனதும் அவள் அறையை வாடகைக்கு விட்டார்கள். "நல்ல பையன்லா. அண்ணி சமையலை இன்னும் ஒரு குறை சொல்லல," என்று டை அடிக்க வந்தபோது குடியிருப்பவனைப் பற்றி என்னிடம் சொல்லிச் சிரித்தார். நான் அவனைப் பார்த்ததில்லை.

அன்று காலை பத்து மணிக்குத் தோள்வரை முடியும் அடர்ந்த தாடியுமாக ஒருவன் கடைக்குள் வந்தான். முதுகில் ஒரு பை.

"அண்ணே, மொட்டை போடணும். மீசையும் எடுத்துடுங்க."

மீசையையும் எடுக்கச் சொன்னால் நம் ஆட்கள் காரணம் கேட்கமாட்டோம். பெற்றவர்களில் ஒருவர் போயிருப்பார்.

"யாரு தம்பி?"

"அப்பா. விடியக்காலைல ஃபோன் வந்துச்சு. பஸ்ல கோலாலம்பூர் போயி அங்கேருந்து ஃபிளைட் புடிக்கிறேன்."

வரிசையில் உட்கார்ந்திருந்தவரிடம் ஒரு வார்த்தை சொல்லிவிட்டு இவனை நாற்காலியில் ஏற்றினேன். சாவுக்காரனைக் காக்கவைப்பதில்லை, சாவுக்குக் கூலி வாங்குவதில்லை. இதெல்லாம் என் கடைச் சட்டம். அதில் எனக்குப் பெருமை வேறு. இப்போது நினைத்தால் என் மூஞ்சியில் நானே காறித் துப்பத் தோன்றுகிறது.

பாதித் தலை வழித்த பிறகுதான் உறைத்தது. ஊருக்குப் போகிறவன் இங்கே ஏன் மொட்டை போடவேண்டும்? கொள்ளி வைக்கிற மகனுக்கு அங்கே சுடுகாட்டில்தான் முடி எடுப்பார்கள். லீவு கிடைக்காதவன், டிக்கெட் கிடைக்காதவன்தான் என் கடைக்கு வந்து எடுத்துக்கொள்வான். இது என் தொழில். எனக்குத் தெரியாததா?

"ஏன் தம்பி, கொள்ளி வைக்கிறப்ப அங்கேயே எடுப்பாங்களே?" என்று கேட்டேன்.

அவன் அழ ஆரம்பித்தான். சத்தம் வரவில்லை. தோள் குலுங்கியது. தலை என் இடது கைக்குள் நடுங்கிய நடுக்கத்தில் கத்தியை எடுத்துவிட்டேன்.

காத்திருந்தவருக்குக் கோபம் வந்துவிட்டது. "விடுங்கண்ணே. அப்பன் செத்து வந்திருக்கான், அவன்கிட்ட போயி சாஸ்திரம் பேசிக்கிட்டு!"

எனக்கு வெட்கம் பிடுங்கித் தின்றது. கேள்வியை விட்டுவிட்டு மறுபடி கத்தியை வைத்தேன். தாடியை எடுத்ததும் காதுக்குக் கீழே மூன்று கீறல்கள் தெரிந்தன. பச்சைக் கீறல்கள். துக்கத்தில் தன்னைத்தானே பிறாண்டிக்கொண்டிருப்பான் என்று நானாக ஒரு நியாயம் கற்பித்து, படிகாரத்தை நனைத்துத் தடவினேன். "எரியும், பொறுத்துக்கோப்பா," என்றேன்.

வழிச்செலவுக்கு என்று ஐம்பது வெள்ளி நோட்டு ஒன்றையும் அவன் சட்டைப் பையில் திணித்தேன். ஒரு பேச்சுக்குக்கூட வேண்டாமென்று சொல்லவில்லை, கும்பிட்டான். வாசல்வரை போய் மலேசிய எல்லை தாண்டும் ஜோகூர் பஸ் எடுக்கும் இடத்துக்கு வழிகாட்டினேன்.

மகள் பகல் முழுக்க ஃபோன் அடித்து, யாரும் எடுக்காமல், சாயங்காலம் நேரில் போய்க் கதவைத் திறந்திருக்கிறாள். அண்ணன் கூடத்தில் கிடந்தார், சுத்தியலால் அடித்திருந்தான். அண்ணி சமையலறையில். தாலிச் சங்கிலி இல்லை, அலமாரியில் இருந்த நகை எதுவும் இல்லை. கையில் வளையல் கழலாததற்கு அவன் என்ன செய்தான் என்பதும் எனக்குத் தெரியும். எழுதமாட்டேன். அண்ணியின் உயிர் உடனே போகவில்லை, மத்தியானம்வரை இருந்திருக்கிறது என்று டாக்டர் சொன்னாராம். பத்து மணிக்கு என் கேள்வியை நான் விடாமல் கேட்டிருந்தால் அண்ணி பிழைத்திருக்கலாம். இதை யார் வந்து சமாதானப்படுத்தினாலும் எனக்கு எரிச்சல்தான் வருகிறது.

மறுநாள் போலிஸ், அந்த அறையில் குடியிருந்தவன் படத்தோடு கடை கடையாக வந்தார்கள். முடியும் தாடியுமாக இருந்த படம். பார்த்ததும் அடையாளம் தெரிந்துவிட்டது. இப்போது அவன் எப்படி இருப்பான் என்று நான் சொன்ன பிறகு, இரண்டே நாளில் ஜோகூர் விடுதி ஒன்றில் மொட்டைத் தலையோடு பிடித்தார்கள்.

பிறகு வாக்குமூலம் கொடுக்கக் கூப்பிட்டார்கள். எழுதிக்கொண்ட அதிகாரி நம் ஆள்தான், என் மகன் வயது.

"அங்கிள், கடைசியா ஒண்ணு. உங்க சேர்ல உட்கார்ந்திருந்தப்ப அவன் எப்படி இருந்தான்? அழுதானா?"

"எதுக்கு சார்?"

"என்ன செஞ்சேன்னே தெரியல, அப்புறம் உங்க கடையில உட்கார்ந்து அழுதேன்னு சொல்றான். தூக்கை ஆயுளாக் குறைக்க அவன் லாயர் இதைப் புடிச்சுக்குவாரு. இது தூக்குக் கேஸ் அங்கிள். நல்லா யோசிச்சுச் சொல்லுங்க. அன்னைக்கு வெயிட் பண்ணவரு வேலை பெர்மிட் முடிஞ்சு ஊருக்குப் போயிட்டாரு, ஆளைக் கண்டுபிடிக்க முடியல. உங்க பேச்சு மட்டும்தான் இருக்கு."

யோசித்தேன். இருபது வருடமாகத் தலைகளைப் பிடிக்கிற கை இது. நடிக்கிறவன் கழுத்து விறைக்கும். அவன் கழுத்து துவண்டு போயிருந்தது. அவன் அழுதது நிஜம். என் கேள்விக்குப் பயந்தா, செய்ததை நினைத்தா என்று தெரியாது, ஆனால் நிஜம்.

"இல்ல சார். அழல," என்றேன். அது போதவில்லை எனக்கு. "சிரிச்சுப் பேசிக்கிட்டுத்தான் இருந்தான்."

"சிரிச்சானா?"

"ஆமா. ஃபோன்ல ஏதோ வீடியோ பார்த்துச் சிரிச்சான்."

அவர் தட்டச்சு செய்து, தமிழில் திருப்பிச் சொன்னார். ஏதாவது மாற்றணுமா என்று கேட்டார். ஒன்றுமில்லை என்று கையெழுத்துப் போட்டேன். அவன் தொங்கட்டும். சிரித்தவனாகவே தொங்கட்டும்.