வண்டிக்குத் தெரிந்த இரண்டாவது சாவி

இருபத்திரண்டு வருடமாக ஜெராக்ஸ் கடை வைத்திருக்கிறேன். ஒன்றைக் கொடுத்தால் இரண்டாக்கித் தருவதுதான் என் பிழைப்பு. அதனாலேயே நகல் எடுக்க முடியாத பொருள் உலகத்தில் ஒன்று உண்டு என்பதை நான் ஒப்புக்கொண்டதில்லை. அந்த மண்டைக்கனத்தோடுதான் என் பழைய காருக்கு இன்னொரு சாவி செய்யக் கிளம்பினேன்.

காரைப் பற்றிச் சொல்லிவிடுகிறேன். அதற்குப் பதினேழு வயது. ஏழு வருடத்துக்கு முன் ஒருவரிடமிருந்து வாங்கியது. ஒரே ஒரு சாவிதான் இருக்கிறது என்று சத்தியம் பண்ணாத குறையாகச் சொல்லி விற்றார். அந்தச் சாவியின் பிளாஸ்டிக் தலை பிளந்துபோய், ரப்பர் பேண்ட் போட்டுக் கட்டியிருக்கிறேன். ஓடிய தூரம் காட்டும் எண்கள் வாங்கிய மறுவருடமே நின்றுவிட்டன. வீட்டிலிருந்து கடைக்கு ஏழு நிமிட நடை, கடை வாசலில் நிறுத்த இடமும் கிடையாது. ஆகவே வாரத்தில் ஆறு நாள் கார் வீட்டு வாசலில் இருக்கும், சாவி என் சட்டைப்பையில் இருக்கும். ஓட்டாத வண்டியின் சாவியை எதற்குத் தினமும் கடைக்குக் கொண்டுபோகிறாய் என்று யாராவது கேட்டிருந்தால் என்னிடம் பதில் இருந்திருக்காது.

என் மனைவிக்கு நன்றாகவே ஓட்டத் தெரியும். லைசென்ஸ் வாங்கிய புதிதில் சாவி கேட்டுக் கடைக்கு வருவாள். நான் கொடுக்காமல் இருந்ததில்லை, அந்தக் கெட்ட பெயர் எனக்கு வேண்டாம். எங்கே போகிறாய், எப்போது வருவாய், டயரில் காற்று பார்த்தாயா, மழை வரும்போல் இருக்கிறதே என்று நாலைந்து கேள்வி மட்டும் கேட்பேன். நான் கேட்டு முடிப்பதற்குள் அவள் போக வேண்டிய வேலைக்கு நேரம் தாண்டியிருக்கும்.

போன வருடம் அவளுடைய அக்காவுக்கு இடுப்பு எலும்பில் ஆபரேஷன் நடந்தது. அக்கா தனி ஆள். இருபது கிலோமீட்டர் தள்ளி, லாரிகள் பறக்கும் பெரிய சாலைக்கு அந்தப் பக்கம் வீடு. வாரத்தில் மூன்று நாள் அவரைப் பிசியோதெரபிக்கு அழைத்துப்போக வேண்டும், விட்டுவிட்டால் நடையே போய்விடும் என்று டாக்டர் கண்டிப்பாகச் சொல்லியிருந்தார். இவள் காரைக் கேட்டாள். அந்தச் சாலையில் உன்னை அனுப்பிவிட்டு நான் இங்கே எப்படி நிம்மதியாக இருப்பது, நேரம் கிடைக்கும்போது நானே கூட்டிப்போகிறேன் என்றேன். எனக்கு நேரம் கிடைக்கவில்லை. அவள் இரண்டு பஸ் மாறிப் போய்வந்து ஒரு மாதம் புலம்பினாள். பிறகு புலம்பலை நிறுத்திவிட்டாள். பழகிவிட்டது என்று எனக்கு ஏகத்துக்கும் சந்தோஷம். பேசாமல் விட்டால் எல்லாம் தானாகச் சரியாகிவிடும் என்று நாலு பேருக்கு அறிவுரை வேறு சொன்னேன்.

அதே சமயத்தில் கார் கன்னாபின்னாவென்று பெட்ரோல் குடிக்க ஆரம்பித்தது. மெக்கானிக்கிடம் கொண்டுபோனேன். அவர் ஒரு சுற்று ஓட்டிப் பார்த்துவிட்டு இன்ஜினில் குறையே இல்லை என்றார். நின்ற இடத்திலேயே நின்றுகொண்டு எப்படி இவ்வளவு குடிக்கும் என்று அவரோடு மல்லுக்கட்டினேன். அவர் என் முகத்தைக் கொஞ்சநேரம் பார்த்துவிட்டு, வயதான வண்டி சார், அப்படித்தான் இருக்கும் என்று முடித்துக்கொண்டார். இப்போது யோசித்தால் எங்கள் தெருவில் பாதிப் பேருக்கு அப்போதே விஷயம் தெரிந்திருக்கிறது.

சாவிக்கு வருகிறேன். ஒருநாள் ரப்பர் பேண்ட் அறுந்து, சாவி கடை வாசல் சாக்கடைக்குள் விழப் பார்த்தது. காலால் தடுத்துப் பிடித்தேன். அன்றைக்கே பூட்டு, தாழ்ப்பாள் விற்கும் கடைக்குப் போய் அதே அச்சாக ஒன்று வெட்டி வாங்கினேன். கதவு திறந்தது. இன்ஜின் இரண்டு நொடி ஓடி அடங்கிவிட்டது. சாவிப் படம் போட்ட மஞ்சள் விளக்கு மட்டும் கண் சிமிட்டிக்கொண்டே இருந்தது. வெட்டியவர் தப்பு செய்துவிட்டார் என்று நான் தீர்மானித்து, இரண்டு சாவியையும் என் மெஷினில் வைத்து ஜெராக்ஸ் எடுத்து, இரண்டு தாளையும் ஒன்றன்மேல் ஒன்று வைத்து வெளிச்சத்தில் பிடித்துப் பார்த்தேன். ஒரு இம்மிகூட வித்தியாசம் இல்லை. அந்தத் தாள்களோடு போய் அந்தக் கடைக்காரரிடம் நியாயம் கேட்டேன் என்பதையும் வெட்கத்தை விட்டுச் சொல்லிவிடுகிறேன்.

அவர்தான் என்னைப் 'பூட்டு டாக்டர்' என்று போர்டு மாட்டியிருந்தவரிடம் தள்ளிவிட்டார். பூட்டு டாக்டர் என் தாள்களைப் பார்த்தார். சிரிக்காமல் இருக்க அவர் பட்ட பாடு எனக்கே தெரிந்தது.

"நீங்க பல்ல காப்பி எடுத்திருக்கீங்க சார். வண்டி பல்ல மட்டும் பாக்காது, பேரக் கேக்கும்."

சாவியின் தலைக்குள் அரிசியளவு சிப் ஒன்று இருக்கிறதாம். ஒவ்வொரு சிப்புக்கும் தனி எண். அந்த எண் வண்டியின் நினைவில் பதிந்திருந்தால்தான் இன்ஜின் ஓடும். அவர் லேப்டாப்பிலிருந்து ஒரு ஒயரைக் காரின் ஸ்டியரிங்குக்கு அடியில் செருகினார். திரையைப் பார்த்தவர் நெற்றியைச் சுருக்கினார். வண்டிக்கு ஏற்கனவே இரண்டு சாவி தெரியும் என்றார்.

எனக்கு ரத்தம் கொதித்துவிட்டது. ஒரே சாவி என்று சொல்லி விற்றவர் இன்னொன்றை வைத்துக்கொண்டிருக்கிறார். ஏழு வருடமாக என் கார் எவன் கையிலோ இருந்திருக்கிறது. பெட்ரோல் போன மர்மம்கூட ஒரு நொடியில் விளங்கிவிட்டது. எப்பேர்ப்பட்ட மூளை என்று என்னை நானே மெச்சிக்கொண்டு, அந்தச் சாவியை உடனே அழித்துவிடச் சொன்னேன்.

"அழிச்சா அது செத்த சாவிதான். வீட்ல ஒரு வார்த்தை கேட்டுக்கறீங்களா?"

வீட்டில் கேட்க என்ன இருக்கிறது, சாவி என் பையில் அல்லவா இருக்கிறது என்றேன். அழித்தார். புதுச் சாவியைச் சேர்த்தார். பத்திரமாகக் கொண்டுபோய்க் கடை மேசை இழுப்பறையில் வைத்துப் பூட்டினேன். வீட்டில் யாரிடமும் சொல்லவில்லை. அவசரத்துக்கென்று செய்த சாவியை, அவசரத்தில் யாருமே எடுக்க முடியாத இடத்தில் வைத்தவன் நான்.

மறுநாள் புதன்கிழமை. பத்து மணிக்குக் கடையில் மூன்று பேர் நின்றுகொண்டிருந்தபோது மனைவி வந்தாள். கையில் ஒரு கார் சாவி. தலை உடையாத, ரப்பர் பேண்ட் போடாத சாவி.

"இது திங்கக்கிழமை வரைக்கும் ஓடிச்சு" என்றாள்.

விற்றவருடைய சாவி இவளிடம் எப்படி வந்தது என்றுதான் எனக்கு முதலில் தோன்றியது. என் மூளை அவ்வளவு மெதுவாகத்தான் சூடாகும். அவள் சுருக்கமாகச் சொன்னாள். எட்டு மாதத்துக்கு முன் நான் காய்ச்சலில் மூன்று நாள் படுத்துக்கிடந்தபோது, என் சட்டைப்பையிலிருந்து சாவியை எடுத்து, அக்கா வீட்டுப் பக்கத்துக் கடையில் காரைக் காட்டித் தனக்கு ஒன்று சேர்த்துக்கொண்டிருக்கிறாள். அன்றிலிருந்து திங்கள், புதன், வெள்ளி. இன்று இன்ஜின் நின்றுவிட்டது. அந்தக் கடைக்காரரைப் போனில் பிடித்துக் கேட்டதற்கு, யாரோ அழித்திருக்கிறார்கள் என்றாராம்.

வாடிக்கையாளர் மூன்று பேரும் தங்கள் தாள்களை மும்முரமாக எண்ணிக்கொண்டிருந்தார்கள்.

"இன்னொரு தடவை கேட்டிருந்தா குடுத்திருப்பேனே" என்றேன்.

"குடுத்திருப்பீங்க. தினமும் உங்களுக்கு பதில் சொல்லி முடிச்சிட்டு நான் எப்ப கெளம்பறது? அக்கா பதினோரு மணிக்கு வாசல்ல வந்து உக்காந்திருப்பா."

இழுப்பறையைத் திறந்து புதுச் சாவியைக் கொடுத்தேன். கொடுத்த கையோடு ஷட்டரையும் இறக்கினேன். நானும் வருகிறேன் என்றேன். ஓட்டுவதற்கா என்று கேட்டாள். இல்லை என்றேன். அப்படியானால் பின்னால் உட்காருங்கள், முன் சீட்டில் அக்கா காலை நீட்ட வேண்டும் என்று சொல்லிவிட்டு நடந்தாள். அவளுக்குப் பின்னால் ஓட்டமும் நடையுமாகப் போனேன்.

என் காரில் பின் சீட்டில் நான் உட்கார்ந்தது அன்றைக்குத்தான். பெரிய சாலையில் ஏறியதும் கண்ணை மூடிக்கொள்ளலாமா என்று இருந்தது. அவள் லாரிகளுக்கு வழி விட்டு, வழி வாங்கி, ஹாரனைக்கூடத் தொடாமல் போய்க்கொண்டிருந்தாள். டிரைவர் சீட்டின் முதுகுப் பைக்குள் என் கை சும்மா நுழைந்தது. உள்ளே நாலாக மடித்த தாள் ஒன்று, என் கடையில் வீணாகிப்போன ஜெராக்ஸ். பின்பக்கத்தில் அவள் கையெழுத்து.

இறங்கும் முன்: சீட் ஐந்து பல் பின்னால் தள்ளு. உள் கண்ணாடி மேலே. ரேடியோவில் செய்தி, சத்தம் நாலு. ஏசி நிறுத்து. அவர் மூக்குக்கண்ணாடிப் பெட்டி இடது பக்கம். முன் சீட்டில் அக்கா முடி ஒட்டியிருக்கிறதா பார்.

இரண்டு தடவை படித்தேன். திருடன்கூட என் காரை இவ்வளவு பயத்தோடு திருப்பி வைத்திருக்க மாட்டான். கோபம் வரவேண்டிய இடம்தான், தேடிப் பார்த்தேன், வரவில்லை. வெட்கம்தான் வந்தது. தாளை மடித்து இருந்த இடத்திலேயே வைத்துவிட்டேன்.

அக்கா வாசலில் நாற்காலி போட்டு உட்கார்ந்திருந்தார். பின் சீட்டில் என்னைக் கண்டதும் அவருக்கு முகம் வெளிறிவிட்டது. என்னைவிட ஒன்பது வயது மூத்தவர்.

"இன்னிக்கு ஒரு நாள்தாங்க கார்ல வர்றா. மத்த நாளெல்லாம் பஸ்லதான் வந்தா" என்றார்.

இவருக்கு எல்லாம் தெரிந்துவிட்டது, நீ ஏறு அக்கா என்றாள் மனைவி. அக்கா கைத்தடியை நாற்காலியில் சாய்த்துவிட்டு, அது இல்லாமலேயே ஆறு அடி எடுத்து வைத்து வந்து காரில் ஏறினார். போன வருடம் படுக்கையில் திரும்பிப் படுக்க முடியாமல் கிடந்த மனுஷி. நானே கூட்டிப்போகிறேன் என்று நான் அன்றைக்குச் சொன்னதை அக்கா நினைவுபடுத்தவில்லை. படுத்தியிருக்கலாம்.

பிசியோதெரபி முடிந்து, அக்காவை வீட்டில் விட்டு, மதியம் எங்கள் வாசலுக்கு வந்தோம். அவள் இன்ஜினை நிறுத்தினாள். அவள் கை உள் கண்ணாடிக்குப் போய் அதை மேலே திருப்பியது, பிறகு சீட்டுக்கு அடியில் போய் நெம்புகோலைப் பிடித்தது. அவள் யோசித்துச் செய்யவில்லை, கை தானாகவே போனது.

"விடு. அப்படியே இருக்கட்டும்" என்றேன்.

"உங்களுக்கு முட்டி இடிக்கும்."

"இடிக்கட்டும்."

அவள் திரும்பி என்னைப் பார்த்தாள். கையை எடுத்துவிட்டு இறங்கினாள். மறுநாள் பேப்பர் கட்டு வாங்கிவரக் காரை எடுத்தேன், அவள் அனுமதியோடு. முட்டி ஸ்டியரிங்கில் நன்றாகவே இடித்தது. சீட்டைத் தொடாமல் போய்வந்தேன்.