மழைக்கு முந்திய செபம்

மண்வாசனை வருகிறது. கொடியில் என் சட்டைகள் காய்கின்றன. எனக்கு இருப்புக்கொள்ளவில்லை.

திருகோணமலையில், சிறுவயதில், ஒரு மாலைப்பொழுதும் இப்படித்தான் மணத்தது. முற்றத்தில் அப்பாவின் கருவாடு காய்ந்தது. தம்பலகாமத்தில் வயல் வைத்திருந்த மாமா வந்திருந்தார். செபத்துக்கு முழங்காலில் நின்றோம்.

"ஆண்டவரே, மழையைத் தாரும்," என்றார் மாமா.

"நாளை வரைக்கும் பொறும்," என்றார் அப்பா, இன்னும் உரத்து.

நான் பட்டம் விடக் காற்றுக் கேட்டேன்.

அம்மா பெருமூச்சு விட்டார். "இந்த மூண்டு பேருக்கும் ஞானத்தைக் குடும், ஆண்டவரே. ஆனா என்ர விறகை உள்ளுக்கு எடுக்குமட்டும் பொறும்."

மழை எவரையும் கேட்காமல் கொட்டியது. ஆமென் சொல்லாமல் முதலில் எழுந்து கருவாட்டுப் பாயைத் தூக்க ஓடியவர் மாமாதான்.

இப்போது முதல் துளி விழுகிறது. பக்கத்து வீட்டுக் கத்தரிக்கன்றுகள் வாடிக் கிடப்பது தெரிந்தும், கொடியை நோக்கி நொண்டியபடி கேட்கிறேன்: "ஆண்டவரே, இரண்டு நிமிசம் பொறும்."