டிரைவரின் ஸ்ட்ராபெர்ரித் தொட்டி

அந்தக் கட்டடத்தில் எல்லோருக்கும் அவர் டிரைவர்தான். நகரப் பேருந்து ஓட்டுகிறவர். மூன்றாவது மாடியில் ஒற்றை அறை, ஒரு ஆள் உட்கார்ந்தால் இன்னொரு ஆள் நிற்க வேண்டிய அளவில் ஒரு பால்கனி. மனைவியும் அவரும் பிரிந்த பிறகு மகள் அம்மாவோடு இருந்தாள். ஞாயிற்றுக்கிழமை மட்டும் அப்பாவிடம் வருவாள். மற்ற நாட்களை டிரைவர் வாழ்ந்தார் என்று சொல்ல முடியாது, ஓட்டித் தள்ளினார்.

ஒரு ஞாயிறு பழக்கடை வாசலில் மகள் கேட்டாள். "அப்பா, ஸ்ட்ராபெர்ரி செடில காய்க்குமா, மரத்துலயா?"

தெரியாது என்று சொன்னால் குடியா முழுகிவிடும்? "மரத்துலதான்" என்று அடித்துச் சொன்னார். அவள் அதை வகுப்பில் அப்படியே ஒப்பிக்க, பிள்ளைகள் சிரித்து மானத்தை வாங்கிவிட்டார்கள். அடுத்த வாரம் மூஞ்சியைத் தூக்கி வைத்துக்கொண்டு வந்தவளிடம் டிரைவர் அசடு வழிந்தார்.

"நம்ம பால்கனியிலயே வளர்ப்போம் குட்டிம்மா. முதல் பழத்த நீதான் பறிக்கணும்."

சொல்வது சுலபம். வாங்கி வந்த நாற்றை, ஏதோ பேருந்து நிறுத்தக் கம்பம் நடுவது மாதிரி ஆழமாகப் புதைத்தார். நடுக்குருத்து மண்ணுக்குள் போய் அழுகிவிட்டது. நாற்றுக்கடை அம்மாள் தலையில் அடித்துக்கொண்டார்.

"குருத்து மண்ணுக்கு மேல தெரியணும் தம்பி. அப்புறம், முதல்ல வர்ற பூவையெல்லாம் கிள்ளிப் போட்டுடுங்க. செடி தேறினாத்தான் பழம் நல்லா வரும்."

இரண்டாவது நாற்று பிழைத்தது. பூவும் விட்டது. அந்தச் சின்ன வெள்ளைப் பூக்களைக் கிள்ள யாருக்கு மனசு வரும்? முகத்தைத் திருப்பிக்கொண்டு கிள்ளினார். மறுபடி பூத்துக் காய் பிடித்தபோது, வேலைக்குக் கிளம்புமுன் ஒரு தடவை, வந்து செருப்பைக் கழற்றுமுன் ஒரு தடவை எட்டிப் பார்ப்பார். மகளோ வந்ததும் நேராகப் பால்கனிக்குத்தான் ஓடுவாள். அப்பாவுக்கு அதில் கொஞ்சம் பொறாமை கூட.

முதல் காய் பச்சையிலிருந்து வெள்ளைக்கு மாறிக்கொண்டிருந்தபோது மனைவியின் போன் வந்தது. அவளுக்கு வேறு ஊருக்கு மாற்றல். வரும் ஞாயிறுதான் கடைசி. பிறகு லீவுக்கு லீவு பார்த்துக்கொள்ளலாம் என்றாள்.

டிரைவருக்குக் கையும் ஓடவில்லை, காலும் ஓடவில்லை. அந்த முதல் பூக்களை விட்டு வைத்திருந்தால் இந்நேரம் பழுத்திருக்குமே என்று நாற்றுக்கடை அம்மாளை மனசுக்குள் திட்டினார். பாவம், அந்த அம்மாள் என்ன செய்வார்? பிறகு ஒரு யோசனை உதித்தது. மாங்காயை அரிசியில் வைத்தால் பழுக்கவில்லையா? இது மட்டும் என்ன கொம்பு முளைத்ததா? அதற்குள் ஒரு பக்கம் மட்டும் லேசாகச் சிவந்திருந்த அந்த முதல் காயைப் பறித்து அரிசி டின்னுக்குள் புதைத்தார்.

ஞாயிற்றுக்கிழமை மகள் பால்கனிக்கு ஓடி, வெறுங்காம்பைப் பார்த்துவிட்டுத் திரும்பி வந்தாள்.

"நான்தானே பறிக்கணும்னு சொன்ன?"

"நீ போறதுக்குள்ள பழுக்க வைக்கலாம்னு பாத்தேன்மா."

டின்னைத் திறந்தார். அது சுருங்கி வாடி, மீதி வெளுப்பு மாறாமல் கிடந்தது. காம்பிலிருந்து பிரித்துவிட்டால் அந்தப் பழம் பிறகு பழுக்காது என்பது யாராவது சொன்னால்தானே தெரியும்?

"செடிலயே விட்டிருந்தா பாக்கவாவது பாத்திருப்பேன்ல" என்றாள் மகள். டிரைவர் டின்னை மூடினார். அழாமல் இருந்ததே பெரிய காரியம்.

அவள் போன பிறகு மிச்சக் காய்கள், யாரோ சொல்லி வைத்த மாதிரி, ஒவ்வொன்றாகச் சிவந்தன. தொட மனசில்லாமல் அப்படியே விட்டு வைத்தார். ஒரு நாள் சாயங்காலம் மகள் போனில் முகம் காட்டினாள்.

"பழுத்துடுச்சா? காட்டுப்பா! ஐயோ, எவ்ளோ சிவப்பு! ஒண்ணு சாப்பிட்டு எப்படி இருக்குன்னு சொல்லு."

பறித்து வாயில் போட்டார். அப்படி ஒரு இனிப்பை அவர் எந்தப் பழத்திலும் கண்டதில்லை. இதை அவளிடம் சொன்னால் அத்தனை தூரத்திலிருந்து குழந்தை ஏங்கிப் போவாள்.

"ஒரே புளிப்பு குட்டிம்மா. வாயில வைக்க முடியல."

மகளின் முகம் உடனே தெளிந்தது. "ச்சீ, அப்ப அத பிடுங்கிப் போட்டுட்டு வேற ஏதாவது வைப்பா" என்றாள்.

"சரிம்மா" என்றார் டிரைவர். வாயெல்லாம் இன்னும் இனித்துக்கொண்டிருந்தது.